ஓர் அடி முன்னால்

முதல் சங்கு ஊதி அடங்குவதற்குள் முனிரத்தினம் ஜன்னலைத் திறந்துவைத்து உட்கார்ந்துவிட்டான். ஜன்னல் என்று பேர்தான், தகரத்தில் ஒரு கை நுழைகிற அளவுக்கு வெட்டிய ஓட்டை அது. சுரங்கத்துக்குள் இறங்குகிறவன் அதில் கையை நீட்டித் தன் நம்பரைச் சொல்ல வேண்டும். முனிரத்தினம் பின்னால் திரும்பி, பலகையில் அந்த நம்பர் போட்ட ஆணியில் தொங்கும் பித்தளைப் பில்லையை எடுத்து அந்த உள்ளங்கையில் வைக்க வேண்டும். ஷிப்டு முடிந்து ஆள் மேலே வந்தால் பில்லையும் திரும்பி வந்து ஆணியில் ஏறும். ஆணி காலியாக இருந்தால் ஆள் இன்னும் கீழே இருக்கிறான் என்று அர்த்தம். இவ்வளவுதான் வேலை. கண்ணில்லாதவன்கூடச் செய்துவிடலாம் என்று சொல்கிறவர்கள் இருந்தார்கள். ஆனால் கோலார் தங்கவயலில் எத்தனையோ பேர் அந்த முக்காலிக்கு ஏங்கிக்கொண்டிருந்தார்கள், ஏனென்றால் அது மேல் வேலை. தலைக்குமேல் வானம் இருக்கிற வேலை. அதில் பதினோரு வருஷமாக முனிரத்தினம் உட்கார்ந்திருப்பது அவன் எண்ணத் தெரிந்தவன் என்பதற்காக அல்ல, சுரங்கத்து ஃபுட்பால் டீமில், கோலுக்கு முன் நின்று தடுக்கிற பேக்காக அவன் ஆடுகிறான் என்பதற்காக. அது அவனுக்கும் தெரியும், கை நீட்டுகிற ஒவ்வொருவனுக்கும் தெரியும். இன்று திங்கட்கிழமை, மார்கழிப் பனி சுரங்கக் குழியான ஷாப்டின்மேல் நின்ற இரும்புச் சட்டத்தை முக்கால்வாசி விழுங்கியிருந்தது. சனிக்கிழமை ஃபைனலில் டீம் தோற்றிருந்தது.

இருநூற்றுப் பதினேழு என்றது ஒரு கை. கொடுத்தான். ஐந்நூற்று நாற்பது. கொடுத்தான். கைகள் வந்தன, போயின, ஒரு கையும் பேசவில்லை. மேட்சுக்கு அப்புறம் வருகிற கைகள் வேறு மாதிரி இருக்கும். பில்லையை வாங்கிக்கொண்டு அவன் விரலை ஒரு சுண்டு சுண்டும், தகரத்தைத் தட்டித் தாளம் போடும், ‘கோட்டு முனிரத்தினம், கை தூக்கு’ என்று எவனாவது கத்த வரிசை முழுக்கச் சிரிக்கும். இன்று பனியில் இருமல் சத்தம் மட்டும் கேட்டது. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று அவனுக்கு இருந்தது. அவன் முன்னால் மேசைமேல் தொள்ளாயிரத்து எட்டாம் நம்பர் பில்லை கிடந்தது. மற்ற பில்லைகளெல்லாம் வியர்வையிலும் இடுப்புக் கயிற்றிலும் தேய்ந்து நம்பரே மழுங்கிப்போனவை. இது யார் கையும் படாமல் பளபளவென்று இருந்தது. சங்குக்கு முன்னால் ரைட்டர் வெங்கோபராவ் வந்து அதை எடுத்து வைக்கச் சொன்னார், இன்றைக்குப் புதிதாக ஒருத்தன் இறங்குகிறான் என்றார். யார் சாமி என்று முனிரத்தினம் கேட்டான். வருவான், துரை ஆபீஸிலிருந்து சீட்டு வந்திருக்கிறது என்று சொல்லிவிட்டு அவர் மூக்குப்பொடி டப்பாவைத் திறந்து அதற்குள்ளேயே பார்த்துக்கொண்டு போய்விட்டார். புது ஆட்களை மாசம் பிறந்தால்தான் எடுப்பார்கள். பாதி மாசத்தில், ஃபைனல் தோற்ற இரண்டாம் நாள், பேர் சொல்லாமல் ஒரு புது ஆள். எழுதி வைக்காத வழக்கம் ஒன்று அங்கே உண்டு. கப்பைத் தோற்றால், தோற்கவைத்தவன் கீழே போவான். யாரும் திட்ட மாட்டார்கள், கூப்பிட்டு விசாரிக்கக்கூட மாட்டார்கள், திங்கட்கிழமை ஒரு சீட்டு வரும். மூன்று வருஷத்துக்கு முன் கோலைக் காக்கிற கோலி பொன்னுரங்கம் பந்தைக் கைநழுவ விட்டான். அதுவரை ஆஸ்பத்திரித் தோட்டத்தில் ரோஜாவுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவன் அந்தத் திங்கட்கிழமை இதே ஓட்டையில் கையை நீட்டினான், முனிரத்தினம்தான் பில்லை கொடுத்தான். கொடுக்கும்போது ஏதோ சொல்ல வேண்டும் என்று நினைத்து, ஒன்றும் சொல்லாமல் கொடுத்தான். எழுநூற்று எழுபத்தொன்று. இதோ அந்தக் கையே வந்துவிட்டது. அகலமான கோலிக் கை, இப்போது நகக்கண்ணில் கறுப்பு ஏறிய கை. வாங்கிக்கொண்டு உடனே போகவில்லை, ஓட்டைக்குள்ளேயே ஒரு நொடி நின்றது. எதற்கு நின்றது? பரிதாபமா, நீயும் வா என்கிறதா? முகத்தைப் பார்க்கக் குனிந்திருக்கலாம். அவன் குனியவில்லை.

ஏன் அந்த அடியை வைத்தேன்? சனிக்கிழமை சாயங்காலத்திலிருந்து இதே கேள்விதான். குளிக்கும்போதும் இது, சோற்றைப் பிசையும்போதும் இது. ஒன்றுமில்லை, ஓர் அடி, ஒரு முழம்கூட வராது. அவன் பதினோரு வருஷ ஆட்டமே அந்த ஒரு முழம்தான். மற்ற பேக்குகள் ஓடுவார்கள், முட்டுவார்கள், சறுக்கி விழுந்து பந்தைப் பறிப்பார்கள். முனிரத்தினம் நிற்பான். எதிர் ஆள் பந்தை வாங்கத் தயாராக ஓடி வரும்போது அவனுக்கும் கோலுக்கும் நடுவே மூன்று பேர் இருக்க வேண்டும் என்பது சட்டம்: கோலி ஒருவன், பேக் இரண்டு பேர். பந்து எதிராளியின் காலைவிட்டுக் கிளம்புகிற அந்தக் கண்ணிமைப்பில் முனிரத்தினம் வெறுங்காலால் ஓர் அடி முன்னால் வைப்பான், வலது கையைத் தூக்குவான். மூன்று பேர் இரண்டாகிவிடும். விசில் ஊதும், ஆஃப்சைடு. ஓடிவந்தவன் கோலுக்குள்ளேயே பந்தைப் போட்டிருந்தாலும் செல்லாது. ஜனம் ‘கை, கை’ என்று ஊளையிடும். தரையில் கண்ணுக்குத் தெரியாத கோடு ஒன்றைப் போட்டுவிடுகிறான் என்று அவனுக்குக் கோட்டு முனிரத்தினம் என்றே பேர் விழுந்தது. கொஞ்சம் முந்தி வைத்தால் எதிராளி சுதாரித்துக்கொள்வான், கொஞ்சம் பிந்தினால் கோல். அந்த நடு நேரம் எப்படித் தெரிகிறது என்று அவனைக் கேட்டால் சொல்லத் தெரியாது. காலுக்குத் தெரியும். பெல்லாமி துரை, அவர்தான் டீமைப் பார்த்துக்கொள்கிற இஞ்சினியர், ஒரு தடவை குஷியாக இருந்தபோது அவனிடம் சொன்னார்: சீமையில் அவருடைய ஊரில் ஒரு பேக் இருந்தானாம், பந்தாடுவதே அவன் பிழைப்பாம், அவனும் இதே மாதிரி ஓர் அடி வைத்துக் கை தூக்குவானாம். வெளியூர் மைதானத்துக்குப் போனால் ஜனம் ஆத்திரத்தில் ஆரஞ்சுத் தோலை வீசுமாம், போலீஸ்காரர்கள் ரயில் வரைக்கும் கூடப் போவார்களாம். முனிரத்தினம் அந்த ஆளின் பேரைக் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. ஆனால் அன்று ராத்திரி அவனுக்குத் தலைகால் புரியவில்லை. ஏழு கடலுக்கு அப்பால் ஒரு வெள்ளைக்காரன், பூட்ஸ் போட்ட காலால் அதே ஓர் அடியை அதே நேரத்தில் வைக்கிறான். பெண்டாட்டியிடம் சொன்னால் சிரிப்பாள் என்று சொல்லாமலே வைத்திருந்தான். மைதானத்தில் கையைத் தூக்கும்போதெல்லாம் எங்கேயோ இன்னொரு கையும் தூக்குகிறது என்று ஒரு நினைப்பு. அது ஒரு துணை மாதிரி இருந்தது.

அப்புறம் அந்தத் துணையும் போயிற்று. இந்த வருஷம், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தைந்தில், பெரிய மனுஷர்கள் சிலர் எங்கேயோ கூடி உட்கார்ந்து, கோலே விழ மாட்டேன் என்கிறது, காசு கொடுத்துப் பார்க்க வருகிற ஜனம் சலித்துக்கொள்கிறது என்று மூன்றை இரண்டாக்கினார்கள். கோலியும் ஒரே ஒரு பேக்கும் இருந்தால் போதும், ஆஃப்சைடு கிடையாது. பேப்பர் கப்பலேறி வந்துசேர மூன்று வாரம். துரை கிளப்பு வாசலில் நின்று வாசித்துச் சொன்னார், மாடு மேய்க்கிறவனுக்குக்கூடப் புரிகிற மாதிரி மூன்று தடவை சொன்னார். முனிரத்தினத்துக்கு முதல் தடவையே புரிந்துவிட்டது. இனிமேல் நீ முன்னால் அடி வைத்தால், உன் பின்னால் நிற்கிற இன்னொரு பேக்கும் கோலியும் சேர்ந்து இரண்டு பேர், கோல் போட வருகிற ஃபார்வர்டு ஜாலியாக உள்ளே போவான். நிற்க வேண்டும், கூட ஓட வேண்டும். முப்பத்தாறு வயசில் கூட ஓட வேண்டும். அன்றையிலிருந்து அவன் தன் காலோடு மல்லுக்கு நின்றான். விடிகாலையில் மைதானத்தில் தனியாகப் பழகினான். பந்து கிளம்பும்போது வலது காலின் பெருவிரலைத் தரைக்குள் ஊன்றி அழுத்திக்கொள்ளப் பழகினான், நகம் பெயர்ந்து வந்தது. நாலு மேட்சில் கால் சொன்னபடி கேட்டது. சனிக்கிழமையும் எண்பது நிமிஷம் கேட்டது. கோல் இல்லாமல் சமமாகப் போய்க்கொண்டிருந்தது. அப்போது பக்கத்துச் சுரங்கத்து டீமின் ஒல்லி ஃபார்வர்டு, அவன் பாட்டுக்கு ஓடி வந்தான். நடுவிலிருந்து பந்து கிளம்பியது. முனிரத்தினத்துக்கு அந்த நேரம் தெரிந்தது. முந்தியும் இல்லை, பிந்தியும் இல்லை; பதினோரு வருஷத்தில் அப்படி ஒரு நேரம் அவனுக்கு வாய்த்ததில்லை. பின்னாலிருந்து ஆசீர்வாதம், இன்னொரு பேக், ‘வேணாண்ணே’ என்று கத்தியதுகூடக் காதில் விழுந்தது. அடி வைத்தான், கையைத் தூக்கினான். விசில் ஊதவில்லை. கையைத் தூக்கியபடியே அவன் நிற்க, ஒல்லிப் பயல் அவன் தோளை உரசிக்கொண்டு போனான், பின்னால் ஜனம் ஒரு பெருமூச்சு விட்டது, அப்புறம் எதிர்ப்பக்கத்தில் ஆரவாரம். மறந்துவிட்டான் என்று ஊரே பேசுகிறது. பாவம், வயசாயிற்று, பழக்கதோஷம். மறக்கவில்லை. சட்டம் ஞாபகம் இருந்தது, பெருவிரல் ஞாபகம் இருந்தது, ஆசீர்வாதத்தின் குரலும் கேட்டது. அவ்வளவு சரியான நேரத்தைச் சும்மா விட அவனுக்கு மனசு வரவில்லை. இதை யாரிடம் போய்ச் சொல்வது? அந்தச் சீமைக்காரனிடம் சொல்லலாம். அவன் இந்நேரம் என்ன செய்துகொண்டிருப்பான், அவனுக்கும் ஒரு ஜன்னல் கொடுத்திருந்தார்களா, அதை அவனிடமிருந்து பிடுங்கிக்கொண்டார்களா?

அறுநூற்று இரண்டு. கொடுத்தான். நூற்றுத் தொண்ணூறு. கொடுத்தான். முன்னூற்று முப்பத்தாறு. அந்த ஆணிப் பக்கம் கை போகும்போது இன்றும் ஒரு முறை தயங்கும், அது அண்ணன் தணிகாசலத்தின் நம்பர். இப்போது வேறு யாரோ ஒருவனுடையது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன் அண்ணனும் தம்பியும் ஒரே கூண்டில்தான் இறங்குவார்கள். அன்று முனிரத்தினம் இரண்டு தளம் மேலே வேலையில் இருந்தான். பாறை வெடிக்கிறபோது முதலில் சத்தம் வராது, காற்று வரும். யாரோ முகத்தின்மேல் சூடாக மூச்சு விடுகிற மாதிரி. விளக்குகள் அணைந்தன. அப்புறம்தான் மலை இருமியது. இருட்டில் உட்கார்ந்து அவன் அண்ணா அண்ணா என்று கத்தியது தன் காதிலேயே விழவில்லை, வாய் நிறையத் தூசி. அவனை ஆறு மணி நேரத்தில் மேலே கொண்டுவந்துவிட்டார்கள். தணிகாசலத்தின் ஆணி ஒன்பது நாள் காலியாக இருந்தது, பத்தாம் நாள் பில்லை வந்தது, நசுங்கியிருந்தது. அதற்குப்பின் ஒரு வருஷம் தினமும் கூண்டில் ஏறும்போது அவனுக்குச் சிறுநீர் பிரிந்துவிடும். பக்கத்தில் நிற்கிறவர்கள் தெரியாத மாதிரி இருந்துவிடுவார்கள், நல்லவர்கள். கிறிஸ்துமஸ் மேட்சில் அவன் நின்ற நிற்பைப் பார்த்து பெல்லாமி துரை இந்த ஜன்னலைக் கொடுத்தார். கொடுத்த அன்றைக்கு அவன் பெண்டாட்டி கன்னியம்மாவின் மடியில் படுத்துக் குழந்தை மாதிரி அழுதான். அவளுக்கு எல்லாம் தெரியும். அதனால்தான் நேற்று ஞாயிற்றுக்கிழமை டீமின் நீலச் சட்டையைத் துவைத்துக் காயப்போட்டுவிட்டு, முக்காலியைப் போட்டு ஏறி, பரண்மேல் கிடந்த அவனுடைய பழைய சுரங்கத் தொப்பியை இறக்கித் தூசி தட்டினாள். தட்டிவிட்டுக் கதவுக்குப் பின்னால் மாட்டினாள். அவன் பார்த்தான், அவளும் பார்த்தாள். இன்று காலை அந்தத் தொப்பியை எடுக்காமல் வந்துவிட்டான், எடுத்தால் நடந்துவிடும் என்று. இப்போது வீட்டுக்கு ஓடிப்போய் எடுத்துவர நேரம் இருக்குமா என்று தோன்றி, தோன்றியதற்காகத் தன்மேலேயே வெறுப்பு வந்தது.

இரண்டாம் சங்கு. வரிசை குறைந்துகொண்டே வந்தது, பனி கொஞ்சம் கலைந்து அந்தப் பக்கம், தங்கம் பிரித்த மண்ணைக் கொட்டிய சயனைடுக் குன்று வெள்ளையாகத் தெரிந்தது. தொள்ளாயிரத்து எட்டைக் கேட்டு எந்தக் கையும் வரவில்லை. எப்படி வரும், அது நான்தானே. எல்லோரும் இறங்கிய பிறகு வெங்கோபராவ் வருவார், எழுந்திருப்பா என்பார், வேறு எவனாவது முக்காலியில் உட்காருவான், நான் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய்க் கையை நீட்டுவேன். நம்பரைச் சொல்லக் குரல் வருமா? அந்த ஆள் நான் இல்லையென்றால்? இந்த யோசனை எங்கிருந்து வந்தது என்று அவனுக்குத் தெரியவில்லை. நேற்றிலிருந்தே உள்ளே எங்கேயோ ஒளிந்திருந்தது, இப்போது வெளியே வந்தது. மேட்சு முடிந்து கூடாரத்துக்குள் துரை வந்தார். கோலுக்குப் பின்னாலிருந்து பார்த்தவருக்கு ஒன்று புரியவில்லை. ஒருவன் முன்னால் வந்து கை தூக்குகிறான், இன்னொருவன் பின்னால் நிற்கிறான், தப்பு யாருடையது? கேட்டார். முனிரத்தினம் பெயர்ந்த நகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சொல்லத்தான் போனான். அதற்குள் ஆசீர்வாதம் எழுந்து, தப்பு தன்னுடையது என்றான். புதுச் சட்டப்படி இரண்டு பேரும் ஒன்றாக முன்னால் ஏறுவது என்று பேசி வைத்திருந்தோம், அண்ணன் ஏறிவிட்டார், நான்தான் ஏறாமல் நின்றுவிட்டேன் என்றான். பச்சைப் பொய். ஏறவே கூடாது என்றுதான் பேச்சு. ஆனால் கணக்குப் பார்த்தால் பொய் சரியாகத்தான் இருந்தது. இரண்டு பேரும் ஏறியிருந்தால் கோலி மட்டும் மிஞ்சியிருப்பான், ஆஃப்சைடுதான். துரை இருவரையும் மாறிமாறிப் பார்த்தார், தொப்பியை வைத்துக்கொண்டு போய்விட்டார். நம்பியிருக்க மாட்டார். முனிரத்தினம் அப்படித்தான் நினைத்தான், நம்பியிருக்க மாட்டார், அதனால் நான் வாய் திறக்காததில் பெரிய குற்றம் ஒன்றும் இல்லை. நம்பியிருந்தால்? ஆசீர்வாதம் வயசுப் பிள்ளை, இருபத்தெட்டுதான். மரப்பட்டறையில் வேலை, அதுவும் பந்தாடுவதால் கிடைத்ததுதான். இவ்வளவு வருஷத்தில் ஒரு நாள்கூட ஷாப்டுக்குள் இறங்கியதில்லை. மார் திடமாக இருக்கும். கல்யாணம் ஆகவில்லை. அண்ணன் தம்பி எவனையும் கீழே விட்டுவிட்டு வந்தவன் இல்லை, பயம் தெரியாது. இப்படி ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டே போய், அவனாக இருந்தால் நல்லது என்கிற இடத்தில் முனிரத்தினம் திடுக்கிட்டு நின்றான். சீ என்று வாய்விட்டுச் சொன்னான். வெளியே நின்றவன் என்னண்ணே என்றான். ஒன்றுமில்லை, நம்பரைச் சொல்லு என்றான். ஆனாலும் அந்த நினைப்பு எழுந்து போகவில்லை, அதோடு கூடவே ஒரு சின்ன நிம்மதியும் உட்கார்ந்திருந்தது. கடவுளே, அவனாக இருக்கக் கூடாது. கடவுளே, நானாக இருக்கக் கூடாது. இரண்டையும் ஒரே மூச்சில் வேண்டினால் எந்தச் சாமிதான் என்ன செய்யும்.

வரிசையில் நாலைந்து பேர்தான் பாக்கி. அடுத்த கை ஓட்டைக்குள் வந்தது. சுத்தமான கை. சுண்டுவிரல் பாதி இல்லை, ரம்பத்தில் போனது. ரேகைகளில் மரத்தூள் ஒட்டியிருந்தது, அதைக் கழுவாமல் வந்திருக்கிறான்.

“தொள்ளாயிரத்து எட்டு” என்றது குரல்.

முனிரத்தினம் குனிந்தான். ஓட்டை வழியே தாடையும் வாயும் மட்டும் தெரிந்தன. “ஆசீர்வாதம்” என்றான்.

“ஆமாண்ணே. குடு, பின்னால ஆளுங்க நிக்கிறாங்க.”

“நான் தொர கிட்ட போயி சொல்றேன்டா. இப்பவே போறேன்.”

“நீ உக்காருண்ணே. உனக்கு உள்ள ஆவாது, ஊருக்கே தெரியும். எனக்கு இன்னா, ஒரு வருசம் பாத்துட்டு வரேன்.” கை நீட்டியபடியே இருந்தது. அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு ஆசீர்வாதம் கேட்டான்: “கீழ எப்பிடிண்ணே இருக்கும்?”

முகத்தின்மேல் வந்த அந்தச் சூடான மூச்சு முனிரத்தினத்துக்கு மறுபடியும் வந்தது. சொல்வதற்கு எவ்வளவோ இருந்தது. “சூடா இருக்கும்” என்றான். “அவ்ளோதான்.”

அப்படிச் சொல்லிக்கொண்டே பில்லையை எடுத்து அந்தக் கையில் வைத்தான். தான் வைத்ததை வைத்த பிறகுதான் பார்த்தான். கை மூடிக்கொண்டு வெளியே போயிற்று. இதுதான் நேரம். முந்தியும் இல்லை, பிந்தியும் இல்லை. எழுந்து கதவைத் திறந்து ஓர் அடி வைத்தால் போதும், துரையின் ஆபீஸ் எதிரிலேயேதான், கூண்டு கிளம்ப இன்னும் மணி அடிக்கவில்லை. அவனுக்கு அந்த நேரம் சனிக்கிழமை தெரிந்த மாதிரியே சுத்தமாகத் தெரிந்தது. மேசைக்கு அடியில் வலது காலைப் பார்த்தான். நகம் பெயர்ந்த பெருவிரல் தரையில் அழுத்தமாக ஊன்றியிருந்தது. பதினோரு வருஷமாக யாரும் சொல்லாமலே முன்னால் போன கால், போ போ என்று அவன் சொல்லியும் நகரவில்லை. ஷாப்டிலிருந்து மணி மூன்று முறை அடித்தது. கம்பி இறுகி, சக்கரம் சுற்ற ஆரம்பிக்கிற சத்தம் கேட்டது. தானும் ஆசீர்வாதமும் எப்போதும் மைதானத்தில் நின்ற விதத்தை அவன் நினைத்துக்கொண்டான், தான் முன்னால், ஆசீர்வாதம் பின்னால் தனியாக.

நானூற்று ஐம்பத்திரண்டு என்றது ஒரு கை. முனிரத்தினம் பலகைப் பக்கம் திரும்பினான். கடைசி வரிசையில் தொள்ளாயிரத்து எட்டின் ஆணி காலியாக இருந்தது, ஷிப்டு முடிகிற மத்தியானம் மூன்று மணி வரைக்கும் அது அப்படித்தான் இருக்கும். அவன் நானூற்று ஐம்பத்திரண்டை எடுத்துக் கொடுத்தான்.